சுடுதண்ணீர் டம்ளர்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. இந்த மழையில் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம், இன்னும் காயவில்லை. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

ரிட்டயர் ஆகியும் டியூஷனை விடவில்லை. அதற்குக் கடலூர் ஓ.டி.யிலிருந்து ஒரு பையன் வருகிறான், அப்பாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை. போன மாதம் குளிர்வு விதி, அதான் சூடான பொருள் எப்படி ஆறுகிறது என்ற பாடம், நடத்திக்கொண்டிருக்கும்போது எழுந்து, "சார், சுடுதண்ணி வெச்சா சீக்கிரம் ஐஸ் ஆவுது, நானே பாத்தேன்" என்றான். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் மொத்தப் பேரும் சிரித்தார்கள். அது போதாதென்று, "அப்போ உங்கப்பாகிட்ட சொல்லி கேன்ல எல்லாம் வெந்நீர் ஊத்தச் சொல்லு" என்று நக்கல் வேறு.

ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. 1963இல் இன்றைய டான்சானியாவில் எம்பெம்பா என்ற பள்ளிப் பையன் ஐஸ்கிரீம் செய்யும்போது இதையேதான் பார்த்தான். பிறகு அவன் போய்ச் சேர்ந்த மேல்நிலைப் பள்ளியில் இதைக் கேட்டபோது வாத்தியார், இது எம்பெம்பாவின் இயற்பியல், உலகத்து இயற்பியல் இல்லை என்று கிண்டலடித்தார். அதே பள்ளிக்கு வந்த ஆஸ்போர்ன் என்ற பேராசிரியர் மட்டும், திரும்பிப் போய் லேப் உதவியாளரைச் செய்து பார்க்கச் சொன்னார். சுடுதண்ணீர்தான் முதலில் உறைந்தது, ஆனாலும் சரியான விடை வரும்வரை விடாமல் செய்து பார்க்கிறோம் என்றாராம் அந்த உதவியாளர்! நாம் ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும் என்று விடையிலிருந்து பின்னால் போய் இருபது அலைவுக்கு நேரம் எழுதினோமே, அதுவும் ரொம்பச் சுத்தமாக வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று 978.6 போடச் சொன்னது நீதான்.

அப்புறம் வானியற்பியல் மேதை சந்திரசேகர் ஞாபகம் வந்தது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் வெள்ளைக் குள்ளன் (எரிந்து தீர்ந்த நட்சத்திரத்தின் மிச்சம்) தன் எடையையே தாங்காது என்று அவர் கணக்குப் போட்டபோது, பெரிய வானியலாளரான எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கே வந்து வேலை எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்பு இருப்பதாக மூச்சு விடவில்லை. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் சந்திரசேகர் பேசி உட்கார்ந்ததும் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார், சபை சிரித்தது. இத்தனைக்கும் 1919 கிரகணத்தில் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று உலகத்துக்குக் காட்டியவர் இதே மனுஷன். எடிங்டனைக்கூட விட்டுவிடலாம், சந்திரசேகர் பக்கம்தான் நியாயம் என்று தனியாகச் சொன்ன பௌலி போன்ற இயற்பியலாளர்கள் வெளியில் வாய் திறக்கவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நோபல் வந்தது 1983இல். அந்த 24 வயதுப் பையனுக்கு அப்போது 73.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் இரண்டை ஃப்ரீசரில் வைத்து ஐந்து நாள் பார்த்தேன். ஒரு நாள் சுடுதண்ணீர் முந்தியது, நாலு நாள் பச்சைத்தண்ணீர். 2016இல் இங்கிலாந்தில் கவனமாக அளந்து பார்த்த இரண்டு பேரும் அப்படி ஒரு விளைவே தென்படவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆக, பையன் சொன்னது தப்பாகவே இருக்கலாம். இருந்தாலும், பார்க்காமல் சிரித்தது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு ஐந்து நாள் கணக்கையும் போர்டில் எழுதினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "சார், உங்க ஃப்ரிட்ஜ்ல ஃபேன் ஓடுது, பனியே படியாது. அடியில பனி படியிற பழைய ஃப்ரிட்ஜ்ல வெச்சாதான் சுடு டம்ளர் அதை உருக்கிட்டு நல்லா ஒட்டிக்கும், குளிர் சீக்கிரம் ஏறும்" என்கிறான். யோசித்துப் பார்த்தால் அதில் விஷயம் இருக்கிறதடா.

முத்தியால்பேட்டை வீட்டில் உன் அப்பா வாங்கிய அந்த கெல்வினேட்டர் இன்னும் ஓடுகிறதா? (பூமிக்கு வயது இரண்டிலிருந்து நாலு கோடி வருஷம்தான் என்று சாதித்த கெல்வின் பிரபு பெயரை வைத்த பெட்டி, பார்த்துக்கொள்.) ஓடினால் ஃப்ரீசரில் இருக்கும் மீனை எல்லாம் எடுத்துவிட்டு, பனியைச் சுரண்டாமல் அப்படியே விட்டு வை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், டம்ளர் நாங்களே கொண்டுவருவோம்.

உன்
ராஜு