அண்ணா, கேமைக் கொடுத்துவிட்டேன்

அண்ணா,

கையில் வைத்து விளையாடுகிற எங்கள் பழைய கேமை உங்களிடம் கேட்காமல் கண்காட்சிக்குக் கொடுத்ததற்கு மன்னியுங்கோ. கேட்டிருந்தால் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை.

வீடியோ கேம்களின் வரலாற்றைக் காட்ட இங்கே பெடியள் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். எல்லாவற்றையும் தொட்டு விளையாடலாம். கேமைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமென்று சொன்னீர்களே, அப்படி ஒரு பெட்டிகூட இங்கே கிடையாது, எனக்குப் பிடித்ததே அதுதான். ஆயத்த வேலைக்கு நானும் போனேன். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற சுடுகிற கேமில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமுள்ளவை வேகமெடுக்கும். அத்தனையையும் திரையில் வரைய அந்தக் காலத்துச் சிப் திணறும். ஆள் குறைந்தால் அதற்கு வேலை சுகம். செய்த நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒன்று பாய்ந்து வரும்போது நெஞ்சு அடிக்குமே, அதை எந்தக் கண்ணாடிக்குள் வைப்பது? வாத்துச் சுடுகிற கேமின் விளையாட்டுத் துவக்கும் இருக்கிறது. பழைய குழாய் ரிவியில்தான் அது வேலை செய்யும் என்று ஊரெல்லாம் தேடி ஒன்று பிடித்திருக்கிறார்கள்.

எங்கள் கேம், விழுகிற கட்டைகளை அடுக்கி வரிசை நிரப்புகிற டெட்ரிஸின் மேசையில். 1984இல் மொஸ்கோவில் பஜித்னோவ் அதை எழுதிய எலக்ட்ரோனிகா 60 கணினியால் படம் காட்ட முடியாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகள் செய்தார். அதை அறிந்ததும் உங்களைத்தான் நினைத்தேன். யுத்தகாலத்து யாழ்ப்பாணத்தில் பற்றறிக்குத் தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் டயோட் ஒட்டி, நீங்கள் கேமுக்கு உயிர் கொடுத்தீர்கள். பெடலைச் சுற்றுவது நான், விளையாடுவது நீங்கள். எப்போதுமே.

அன்றிரவு நான் சுற்றுவதை நிறுத்தினேன். திரை மங்கி உங்கள் புள்ளியெல்லாம் போனது, கத்தினீர்கள். எனக்குக் கேட்ட சத்தம் உங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டது. என்ன சத்தமென்று உங்களுக்குத் தெரியும். பலரும் வாசிக்கிற இடம், இவ்வளவோடு விடுகிறேன். பங்கருக்குள் நான் நடுங்க, செத்த கேமை என் கையில் வைத்து, விழுகிற கட்டைகளை நீங்கள் காதுக்குள் சொன்னீர்கள். நீட்டுக்கட்டை, சதுரம், எல் கட்டை, திருப்படி, திருப்படி. இருட்டில் நான் பொத்தானை அமத்தினேன். ஒரு வரிசை நிரம்பியபோது வாயாலேயே சத்தம் போட்டீர்கள். நான் தோற்கவேயில்லை. தோற்க நீங்கள் விடவில்லை.

அந்த அண்ணாவா குடும்ப குரூப்பில் ‘அது என்ர சாமான்’ என்று எழுதினது? 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நீங்கள் உங்கள் புத்தகங்களைத் தூக்கினீர்கள். கேமைச் சட்டைக்குள் வைத்து நாவற்குழிப் பாலம் தாண்டியது நான். அதன்பிறகு நீங்கள் போய்விட்டீர்கள், போகத்தான் வேண்டும், நானும்தான் போகச் சொன்னேன். ஆனால் இங்கே நின்றது நான். அம்மாவின் கதையை இதில் எழுத மாட்டேன்.

கண்ணாடிக்குள் வைத்தால் அது உங்கள் சாமானாகவே இருந்துவிடும், அண்ணா. எனக்கு அது வேண்டாம். பெடலைச் சுற்றுகிற வேலையில்லாமல் சின்னப் பிள்ளைகள் அதை விளையாட வேண்டும், பெட்டைகள் முதலில்.

இடதுபக்கப் பொத்தான் இறுகிப்போயிருக்கிறது, பலமாக அமத்த வேண்டுமென்று பெடியளுக்குச் சொல்லியிருக்கிறேன். பற்றறி முன்கடையிலேயே கிடைக்கிறது. வந்தால் நீங்களும் விளையாடலாம், வரிசையில் நின்று. கோபமென்றால் எனக்கு எடுங்கோ. குரூப்பில் வேண்டாம்.

தங்கச்சி