அந்தக் 'கரி விருந்து' பேனரைச் செய்தவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், திருத்தங்கல் சாலையில் பார்த்த காதணி விழா பேனர் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார். 'அனைவரும் கரி விருந்தில் கலந்துகொண்டு' என்று அதில் இருந்ததாம். அடுப்புக் கரியையா இலையில் வைத்தார்கள் என்று கேட்டுவிட்டு, இந்தக் காலத்து டிசைனர்களுக்குத் தமிழும் தெரியாது, தமிழ்மேல் அக்கறையும் கிடையாது என்று முடித்திருந்தார். கறுப்பு வெள்ளையில், உள்ளங்கை அளவுக்குப் படமும் வந்திருந்தது.

அந்த பேனரைச் செய்தது நான்தான்.

விடுதி மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். பக்கத்தில் இருந்தவள் சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிழை என்னுடையது, அதில் பேச்சில்லை. ஐயாவிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் 'அக்கறை கிடையாது' என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் சிவகாசி. சென்னையில் கிராஃபிக் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். கல்லூரிக் கட்டணம் அவர் பொறுப்பு, மெஸ் பில்லும் லேப்டாப்புக்கு மாதம் 3,150 ரூபாய் தவணையும் என் பொறுப்பு. அதற்காக ஊரில் உள்ள ஒரு பிளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப் வழியாக வேலை செய்து கொடுக்கிறேன். பகலில் வகுப்பு, ராத்திரியில் கடை வேலை. கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, கடை திறப்பு, கும்பாபிஷேகம் எல்லாம் வரும். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது.

அன்று ராத்திரி ஒன்று இருபதுக்குக் கடைக்கார அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. "பாப்பா, பத்துக்கு எட்டு. காலைல ஆறு மணிக்குள்ள வேணும்." கூடவே தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். முப்பத்து நான்கு பெயர், பதினொரு போட்டோ. எனக்கு மறுநாள் காலை ஒன்பதரைக்கு டைப்போகிராஃபி, அதாவது எழுத்து வடிவமைப்புப் பாடத்தின் சப்மிஷன். 'ஞ' என்ற ஒரே எழுத்தை வைத்துப் பத்துப் பக்கம் அமைக்க வேண்டும். ஏழு முடிந்திருந்தது. லேப்டாப் அந்த ஏழு பக்கங்களையும் ஃபைலாக மாற்றிக்கொண்டு நெருப்பாகச் சுட்டது. சரி, அது முடிவதற்குள் பேனர் வாசகத்தைப் போனிலேயே தட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

லேப்டாப்பில் என்றால் தமிழ்99 பலகையில்தான் தட்டச்சு செய்வேன். அதில் 'ர'வுக்கு ஒரு விசை, 'ற'வுக்கு வேறொரு விசை, விரலே தப்பாகப் போகாது. என் போனில் இருப்பது ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் மாற்றித் தரும் பலகை. 'கே ஏ ஆர் ஐ' என்று தட்டினால் முதலில் வருவது கரி, அடுத்ததுதான் கறி. நான் முதலாவதைத் தொட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நான் படிக்கவே இல்லை என்று நினைக்காதீர்கள். மூன்று முறை படித்தேன், பெயர்களை மட்டும். எங்கள் பக்கத்தில் காதணி விழா பேனர் என்றால் தாய்மாமன் பெயர் எந்த வரிசையில், எந்த அளவில் இருக்கிறது என்பதுதான் உயிர். பெரிய மாமாவுக்குக் கீழே சின்ன மாமா வரவில்லை என்று சீர்த்தட்டைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் கவனம் முழுக்க அங்கேதான் இருந்தது. ஐந்து நாற்பதுக்குக் கடைக்காரர் மாதிரியை விழா வீட்டுக்கு அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "சின்ன மாமா போட்டோ சின்னதா இருக்கு." பெரிதாக்கி அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. அத்தோடு மெய்ப்புத் திருத்தம் முடிந்தது. எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், வரியை ஒருவரும் படிக்கவில்லை. பேனர் சாலையில் ஏறும்வரை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிசைனர்களைத் திட்டுகிறவர்கள் நிறைய. கடையில் இருப்பது கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பு. எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு. அந்த யூனிகோடு தமிழை இதில் ஒட்டினால் 'கெ'யில் உள்ள கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அதனால் வாசகத்தைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வைக்க வேண்டும். பாமினி போன்ற இந்த எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் முகமூடியை மாட்டிவிட்டவை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஃபைலைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் 'ஜே கே பி ஓ' என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மாற்றிய பிறகு கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே கிடையாது. பிழை திருத்தி, தேடல் எதுவும் வேலை செய்யாது. 2010லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. பிளெக்ஸ் கடைக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. பேனருக்கு வேண்டிய அந்தக் கொழுத்த, வளைந்த, நிழல் விழுந்த எழுத்துகள் அவருடைய பழைய சிடியில்தான் இருக்கின்றன. யூனிகோடில் கேடமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று நல்ல இலவச எழுத்துருக்கள் வந்துவிட்டன, நானும் ஆசையாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் காதணி விழாவுக்குக் கேடமரானைப் போட்டுக் கொடுத்தால், "என்ன பாப்பா, கவர்மென்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்பார்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் பிளெக்ஸ் சதுர அடி பன்னிரண்டு ரூபாய். பத்துக்கு எட்டு என்றால் எண்பது சதுர அடி, 960 ரூபாய். 'டிசைன் இலவசம்' என்று கடை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இலவசத்தைச் செய்கிற எனக்கு அண்ணன் தன் கையிலிருந்து 120 ரூபாய் தருவார். நல்ல மனுஷன், ஒருநாளும் பாக்கி வைத்ததில்லை. ஆனால் விழா வீட்டுக்காரர் காசு கொடுப்பது துணிக்கும் மைக்கும்தான். படத்தை அமைப்பதற்கே காசு இல்லாத இடத்தில், வரியைப் படித்துத் திருத்துவதற்கு யார் கொடுப்பார்கள்? உங்கள் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் அல்லவா? (இருந்தும் போன மாதம் வரி விளம்பரப் பகுதியில் 'மனமகள் தேவை' என்று வந்தது. நான் கடிதம் எழுதவில்லை.)

இதெல்லாம் சாக்கு என்று ஐயா நினைக்கலாம். தமிழ் எழுத்தின் மேல் எனக்கு இருக்கும் அக்கறை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன்.

வகுப்பில் 'இன்ஸ்பிரேஷன் எங்கே?' என்று கேட்டால், பின்டரெஸ்ட்டில் சேர்த்த படங்களைக் காட்ட வேண்டும் என்று பொருள். முதல் வருடம் நானும் சேர்த்தேன். எல்லாருடைய பலகையும் ஒரே மாதிரி இருந்தது. வெளிர் நிறப் பின்னணி, ஒரு காபிக் கோப்பை, மெல்லிய ஆங்கில எழுத்து. அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றுவதெல்லாம் வேஸ்ட் ஷீட்டைப் பார்த்துத்தான்.

வேஸ்ட் ஷீட் என்றால் சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும். ஒரு வேலையை மெஷினில் ஏற்றியதும் நாலு கலரும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை நல்ல தாளை விடமாட்டார்கள். ஏற்கெனவே அச்சான பழைய தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். அதனால் ஒரே தாளில் ஐந்தாறு வேலை ஏறிவிடும். முருகன் முகத்தின் மேல் பிஸ்கட் உறை, அதன்மேல் ஜூன் மாதத்துத் தேதிகள், எல்லாவற்றுக்கும் மேலே தலைகீழாக ஒரு மத்தாப்புப் பெட்டி. அப்பா அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார், எங்கள் நோட்டுக்கெல்லாம் அட்டை அதுதான். ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் அட்டையில் லட்சுமியின் கையிலிருந்து காசுக்குப் பதில் ஊறுகாய் லேபிள்கள் கொட்டின. யாரும் திட்டமிட்டு அப்படி ஒன்றைச் செய்ய முடியாது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து, "மஞ்சள் அரை நூல் விலகியிருக்கு பாரு" என்பார். எனக்கு நூல் கணக்கெல்லாம் அப்போது புரியாது. ஆனால் எழுத்தின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு மஞ்சள் கோடு எட்டிப் பார்ப்பது தெரியும். இன்றைக்கும் எந்த போஸ்டரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது எழுத்தின் ஓரத்துக்குத்தான்.

இரண்டாம் வருடத்தில் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்தவற்றிலிருந்து உருவான நூலகம் அது. அவரும் பெயர்ப் பலகை எழுதிய ஓவியர்தான் என்று தெரிந்தபோது ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. அங்கே பழைய நாடக நோட்டீஸ்களைப் பார்த்தேன். படமே இருக்காது, வெறும் ஈய எழுத்துதான். நாடகத்தின் பெயரை வளைத்து, நடிகர் பெயரைப் பெருக்கி, டிக்கெட் விலையைப் பூக்கட்டத்துக்குள் அடைத்து, கம்பாசிட்டர் ஒருவர் நின்றபடியே கோத்தது. 'னை', 'லை' எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு மத்தியானம் முழுக்க அந்தத் தும்பிக்கைகளை மட்டும் பென்சிலில் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் கடைக்கு அனுப்ப வேண்டிய இரண்டு பேனர் தாமதமாகி அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் நிலைமை இதுதான். பார்க்கப் போனால் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்கப் போனால் பார்க்க முடியாது.

எங்கள் பக்கத்து ஊர் கோவில்பட்டியில் இருந்த ஓவியர் சி.கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி எத்தனையோ வீட்டுப் பூஜை அறைகளுக்குப் போயின. அந்தக் காலண்டர்களில் படத்தின் ஓரத்தில் ஓவியரின் கையெழுத்தைப் பார்க்கலாம். நான் செய்கிற பேனரின் மூலையில் கடையின் பெயரும் செல் நம்பரும்தான் இருக்கும். என் பெயர் இருக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. 120 ரூபாய்க்கு அதைக் கேட்கவும் கூச்சம். ஆனால் பெயர் இருந்திருந்தால் அன்று நாலாவது முறையும் படித்திருப்பேன் என்று தோன்றுகிறது.

இப்போது இரண்டு காரியம் செய்திருக்கிறேன். ஒன்று, வாசகத்தைப் போனில் தட்டுவதில்லை. இரண்டு, அண்ணனிடம் பேசி, 'எழுத்துப் பிழை பார்க்க 50 ரூபாய்' என்று ரசீதில் தனி வரி சேர்க்கச் சொன்னேன். சிரித்தார். அப்புறம் சேர்த்தார். போன வாரம் வந்த ஏழு பேரில் இரண்டு பேர் கொடுத்தார்கள். ஒருவர், "அதான் நாங்களே படிச்சிடுவோமே" என்று சொல்லி அங்கேயே நின்று உரக்கப் படித்தாராம். அவர் பேனரில் இருந்த ஒரு பிழையை அவரே கண்டுபிடித்தார். அதனால் அண்ணன் காசு வாங்கவில்லை. பேனர் அடிக்கக் கொடுக்கும் உங்கள் வாசகர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். மாதிரி வந்ததும் போட்டோவைப் பார்த்து முடித்த பிறகு, ஒருமுறை வாயை விட்டுப் படியுங்கள். ராத்திரி ஒன்று இருபதுக்கு அனுப்பாமல் சாயங்காலமே அனுப்பினால் இன்னும் நல்லது.

ஐயாவுக்கு ஒரு தகவல். விழா அன்று காலையிலேயே பெரிய மாமா வீட்டுப் பையன் ஒருவன் பிழையைப் பார்த்துவிட்டான். அண்ணன் 'றி' என்று ஒரு துண்டு தனியாக அடித்து, டபுள் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தார். மத்தியானக் காற்றில் அது பறந்துபோயிருக்கிறது. நீங்கள் பார்த்தது அதற்குப் பிறகு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பேனரை அன்று சாயங்காலமே கழற்றி யார் வீட்டுக் கூரைக்கோ விரித்துவிட்டார்கள். ஊரில் நின்ற என் வேலை எதையும் நான் நேரில் பார்த்ததில்லை, படமும் என்னிடம் இல்லை. நீங்கள் எடுத்த புகைப்படம் கலரில் இருந்தால், இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா? அடுத்த மாதம் போர்ட்ஃபோலியோ, அதாவது நான் செய்த வேலைகளின் தொகுப்பு, கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிராஃபிக் டிசைன் மாணவி,
சென்னை.

(பெயரை வெளியிட வேண்டாம். அந்தப் பெரிய மாமா உங்கள் சந்தாதாரர்.)