எட்டு நாற்காலியும் இரண்டு பக்கமும் ஜன்னலும்

எங்கள் கிராம பஞ்சாயத்துத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், குடும்ப ஆரோக்கிய மையத்தின் மருத்துவ அலுவலர், குடும்பஸ்ரீ தலைவி ஆகியோருக்கு வணக்கம்.

கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். கூடுகிறது. வார்டில் வாக்குள்ள யாரும் அதில் எழுந்து பேசலாம். எனக்கும் வாக்கு இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட அறையில் வாசற்படி வரை ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பங்குனி வெயிலில் என்னால் எழுந்து நிற்க முடியாது. நான் வாய் திறப்பதற்குள் என் உடம்பின் வாடை முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. எனவே மொழிபெயர்த்துத் தராததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

எனக்கு 43 வயது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். நான் பெரியவளான சில மாதங்களில் இந்த வாடை தொடங்கியது. அது என்ன நோய் என்று தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. டிரைமெத்தில்அமினூரியா. சொல்லிப் பழகுவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது. சாப்பிடும் சில பொருள்களிலிருந்து குடலில் உள்ள நுண்ணுயிர்கள் டிரைமெத்தில்அமின் என்ற ஒன்றை உண்டாக்குகின்றன. அழுகிய மீனின் வாடை அதற்கு. இது எல்லோர் குடலிலும் உண்டாவதுதான். உங்களுக்கெல்லாம் எஃப்எம்ஓ3 என்ற நொதி அதைக் கல்லீரலிலேயே வாடையில்லாததாக மாற்றிவிடுகிறது. எனக்கு அந்த நொதி சரியாக வேலை செய்வதில்லை. வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் அது அப்படியே வந்துவிடுகிறது. மருத்துவ இதழ்களில் இது முதலில் எழுதப்பட்டது 1970இல். காரணமான மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தது 1997இல். தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் நோய் வெளியே தெரியும். என் அப்பா என் அம்மாவுக்கு அத்தை மகன். நம் பக்கத்தில் இது வழக்கம்தானே, யாரைப் போய்க் குறை சொல்வது?

முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. முட்டை, ஈரல், கடல் மீன், சோயா, பயறு வகைகள், நிலக்கடலை ஆகியவற்றைக் குறைத்தால் வாடையும் குறைகிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலை பறிக்கும் காலத்தில், வீட்டுக்கு வீடு வேகவைத்துத் தின்னும்போது, நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சோப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போன தீபாவளிக்கு எனக்கு 11 சோப்பு வந்தது. சேலை ஒன்று, சோப்பு 11. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், நேரில் சொல்லச் சங்கடப்பட்டவர்கள். குளிக்கிற சாதாரணக் கட்டி சோப்பு காரத்தன்மை உள்ளது. எங்களுக்கு மருத்துவர்கள் சொல்வது சற்றே அமிலத்தன்மை உள்ள, பிஎச் 5.5 முதல் 6.5 வரையுள்ள சோப்பு. தோலில் இருக்கும் டிரைமெத்தில்அமினைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்துவைப்பது அதுதான். ஆக, ஊரே சேர்ந்து கொடுத்த 11 சோப்பில் ஒன்றுகூட எனக்கு உதவாது. பாரதக் கதையில் மச்சகந்திக்கு இதே வாடைதான். அவளுக்குப் பராசர முனிவர் வந்தார், ஒரு யோசனை தூரம் மணக்கும் பரிமளகந்தி ஆனாள். எனக்கு வந்தது பவுடர் டப்பா.

இந்த வாடை எனக்கே தெரிவதில்லை என்பதுதான் பலரும் அறியாத விஷயம். இந்த நோய் உள்ளவர்களில் நிறையப் பேருக்குத் தங்கள் வாடை தங்களுக்குத் தெரியாது. அது எப்போதும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. மாதவிலக்கு நாட்களில், காய்ச்சலில், மனக் கலக்கத்தில் கூடும், வேறு நாட்களில் அடங்கிக் கிடக்கும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனதும் சத்தத்தை நிறுத்திவிடும் ஸ்கூட்டரைப் போல, டாக்டரிடம் போகும் நாளில் பார்த்து ஒன்றும் இருக்காது. அப்படியானால் இன்றைக்கு வாடை வீசுகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் முகங்களைப் பார்த்துத்தான்.

காலை 7.40க்குப் பாலக்காடு போகும் பஸ். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் நான். நடுவில் ஒரு பெண் வந்து உட்காருகிறாள். அடுத்த நிறுத்தத்துக்குள் அவள் கை முந்தானைக்குப் போகிறது. எனக்காகவா, டீசல் புகைக்காகவா? எனக்கு முன்னால் இருப்பவர் ஷட்டரை மேலே தள்ளுகிறார். எனக்காகவா, புழுக்கத்துக்காகவா? பின்னால் யாரோ இருமுகிறார்கள். சித்தூரைத் தாண்டுவதற்குள் நான் இருபது பேருடைய மூக்கையும் கையையும் படித்து முடித்திருப்பேன். இதை ஒரு நாள் செய்தால் களைப்பு. இருபது வருடம் செய்தால் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸை விட்டேன். பிறகு கல்யாணங்களை விட்டேன். குடும்பஸ்ரீ பெண்களின் சேமிப்புக் குழுவான அயல்கூட்டம் வாரம் ஒரு வீட்டில் கூடும். என் வீட்டு முறை வந்தபோது நான்கு பேர் மட்டும் வந்தார்கள், அதோடு அதையும் விட்டேன். தவணைப் பணத்தை மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். கடைசியில் மிஷின் முன் உட்காருவதையே விட்ட ஒரு மழைக்காலம் இருந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன்.

மாநில அரசின் ஆர்த்ரம் சுகாதாரத் திட்டத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் ஆஸ்வாசம் கிளினிக் நடத்துகிறீர்கள். நல்ல திட்டம், நானே போயிருக்கிறேன். நர்ஸ் சேச்சி ஒன்பது கேள்வி கேட்டார், மலையாளத்தில். அறைக் கதவு திறந்திருந்தது, எனக்குப் பின்னால் சர்க்கரை மாத்திரைக்கு வரிசை நின்றது. மலையாளம் எனக்கு நன்றாகத் தெரியும். ரேஷன் கடையில், பஸ்ஸில், மின்சார அலுவலகத்தில் அதில்தான் பேசுகிறேன். ஆனால் செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா என்னும் ஒன்பதாவது கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் தமிழில் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சேச்சி மீது குறை சொல்லவில்லை. இல்லை என்றவளை அவர் என்ன செய்வார்?

எனக்கு வழி திறந்தது ஒரு பெஞ்சில். கோயம்புத்தூரில் தோல் மருத்துவர் ஒருவரின் வாசல். காத்திருக்கும் இடத்தில் ஃபேன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கடைக்கோடியில் ஜன்னலை ஒட்டிய இடத்துக்கு நடந்தேன். அதே இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பெண் வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் ஒரே நேரத்தில் நின்றோம். அவர் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, “உட்காரு அம்மணி, நமக்குள் என்ன?” என்றார். அவ்வளவுதான். நான் அழவில்லை, சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். மருந்துக் கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அன்றுதான் வருடக்கணக்கில் முதல்முறையாக ஒருவரோடு தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினேன், ஒருமுறைகூட அவர் மூக்கைப் பார்க்காமல்.

அந்த அக்காதான் என்னை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனவர். பத்து வருடமாகப் புருஷனும் மகளும் சொன்னதைக் கேட்காத நான், அவர் சொன்னதைக் கேட்டேன். அவர் அந்த மாத்திரையைத் தானே விழுங்கியவர் என்பதுதான் காரணம். வியாழக்கிழமை இரவு போனில் பேசிக்கொள்கிறோம். பிறகு வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர் சேர்ந்தார். இப்போது ஐந்து பேர்.

எல்லாம் சுபம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆரம்பத்தில் நாங்கள் பத்தியத்தைத்தான் பேசினோம். நான் ஒன்றை விட்டால் அக்கா இரண்டை விட்டார். ஒரு கட்டத்தில் ரசமும் சோறுமாக இருந்து மயங்கி விழுந்தார். அந்த உணவுகளில் உள்ள கோலின் என்னும் சத்தைத்தான் நாங்கள் ஒதுக்குகிறோம், ஆனால் அது உடம்புக்குத் தேவையானதும்கூட, முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும். மருத்துவரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது என்பதை அடிபட்டுத்தான் கற்றோம்.

இன்னொன்று அந்த இளைஞரைப் பற்றியது. நேரில் சந்தித்தபோது அவரிடம் எங்கள் யாருக்குமே எந்த வாடையும் தெரியவில்லை. அவரோ கல்லூரியை விட்டு, ஒரு நாளில் நான்கு முறை குளித்து, கதவை அடைத்துக்கொண்டு இருந்தவர். “எதுவும் வீசவில்லை தம்பி” என்று நான் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நீங்களும் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லி மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. இல்லாத வாடை தன்னிடமிருந்து வீசுவதாக மனம் ஓயாமல் வாதிடுவதும் ஒரு நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் உண்டு. அவர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அவருடைய தனிமைக்கும் என் தனிமைக்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது: யாரும் யாரையும் மோந்து பார்ப்பதில்லை, வீசுகிறதா என்று கேட்பதுமில்லை, பதில் சொல்வதுமில்லை. “பஸ்ஸில் ஒருவர் மூக்கைத் தேய்த்தார்” என்று ஒருவர் தொடங்கினால், அதை ஐந்து பேரும் சேர்ந்து ஊதிப் பெரிதாக்குவதில்லை. எங்களைப் போன்றவர்கள் கூடினால் வரக்கூடிய ஆபத்து அது, அதை மறைக்க விரும்பவில்லை. அதற்குத்தான் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

அந்தப் பயிற்சி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. என் அப்பா வாய்ப் புற்றுநோயில் இறந்தார். கடைசி நான்கு மாதம் கன்னத்தில் திறந்த புண். வீட்டுக்குள் உறவுக்காரர்கள் நுழைய முடியாத வாடை. அப்போது, தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வாரம் ஒருமுறை வருவார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, கட்டுப் போட்டு, பிறகும் உடனே எழுந்து போக மாட்டார். கட்டிலில் அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தேங்காய் விலையைப் பற்றிப் பேசுவார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் நான் பார்த்ததில்லை, முகம் படிப்பதில் எனக்கு இருக்கும் அனுபவத்தை நீங்கள் அறிவீர்கள். 2008இலேயே வலி நிவாரணத்துக்கும், பாலியேட்டிவ் என்னும் இந்தச் சாந்துவன சிகிச்சைக்கும் கொள்கை வகுத்த மாநிலம் இது. வாடைக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று ஊர் ஊராகத் தொண்டர்களுக்குக் கற்றுக்கொடுத்த நாடு. சாகப்போகிறவருக்குக் கிடைத்த அந்த அண்மை, வாழப்போகிறவர்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கேட்பது பெரிதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், முதியோருக்கான பகல்வீடு பூட்டித்தான் கிடக்கிறது, அதன் சாவி. எட்டு நாற்காலி. இரண்டு பக்கமும் ஜன்னல் அங்கே இருக்கிறது, பார்த்து வைத்திருக்கிறேன். வாசலில் போர்டு வேண்டாம். என்ன கூட்டம் என்று யாராவது கேட்டால் தையல் வகுப்பு என்று சொல்லிக்கொள்கிறோம், எனக்கு அது பொய்யும் ஆகாது. பாலியேட்டிவ் தொண்டர்களில் தமிழ் பேசும் ஒருவர் எங்களோடு உட்கார வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் போதும். அந்த ஒன்பது கேள்வியைத் தமிழில் அச்சடித்து, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். ஆதார் அட்டையைக் கேட்காதீர்கள். பொள்ளாச்சி அக்கா கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் முகவரி தமிழ்நாடு என்பதற்காக நாற்காலியை மடக்கிவிடாதீர்கள்.

ஆஷா பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வீட்டுக்குள் நீங்கள் நுழையும்போது ஒருவர் மட்டும் பின்கட்டுக்குப் போய்விடுகிறாரோ, அங்கே சோப்பு விளம்பரத் தாளைக் கொடுக்காதீர்கள். இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறோ, அக்குள் வியர்வை நோயோ, ஆறாத தோல் கட்டியோ, காரணம் எதுவானாலும் சரி. இரவில் தாங்க முடியாமல் போனால் அழைப்பதற்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம். நான் இரண்டு முறை அழைத்திருக்கிறேன். போனில் வாடை போகாது என்பது அந்த இரவுகளில் பெரிய நிம்மதியாக இருந்தது.

இந்த மடலுக்கு நீங்கள் யாருக்குப் பதில் போடுவது என்று யோசிப்பீர்கள். பஞ்சாயத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், “தையல் வகுப்பு, பகல்வீடு” என்று எழுதி, தேதியையும் நேரத்தையும் தமிழிலும் ஒட்டுங்கள். தினமும் அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போகிறேன், நடந்து.

இப்படிக்கு,
உங்கள் பஞ்சாயத்தின் தையல்காரி ஒருத்தி
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்