டார்மிட்டரியிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. சின்னவன் சிங்கப்பூருக்கு வேலைக்கு வரப்போகிறான், கொரோனா சமயத்தில் டார்மிட்டரியில், அதான் எங்களைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியில், எப்படி இருந்தது, உள்ளதைச் சொல்லு என்று கேட்டிருக்கிறாய். அப்போது போனில் உன்னிடமும் வீட்டிலும் நல்லா இருக்கேன் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே முதல் ஆளுக்கு வந்தது 2020 ஜனவரி 23. நோய் வந்தவர் எங்கே சாப்பிட்டார், யாரோடு உட்கார்ந்தார் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார்கள், உலகமே பாராட்டியது, நாங்கள் வழக்கம்போல லாரியில் நெருக்கி உட்கார்ந்து சைட்டுக்குப் போய்வந்தோம். ஏப்ரல் 5-ல் பொங்கோலிலும் தோ குவானிலும் ரெண்டு பெரிய விடுதிகளை மூடினார்கள், உள்ளே சுமார் 20,000 பேர். அப்புறம் மற்றதும் மூடியாச்சு. ஏப்ரல் 20-ல் மட்டும் 1,426 பேருக்குத் தொற்று, பெரும்பாலும் நம்ம மாதிரி ஆட்கள்.

எங்கள் அறையில் 16 பேர், எட்டு இரட்டைக் கட்டில். ஒரு மீட்டர் தள்ளி இருங்கள் என்று சொல்வார்கள், என் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவில் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக முடியும், எங்கே தள்ளி இருப்பது? மேல்கட்டிலில் ஒரு பங்களாதேஷ் தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் பெயரைக் கூப்பிட்டு, பாசிட்டிவ், ஒரு பை மட்டும் எடுத்துக்கோ என்றார்கள். போனையும் சார்ஜரையும் போட்டுக்கொண்டு கிளம்பினான், கம்பியில் காயப்போட்டிருந்த லுங்கியை மறந்துவிட்டான். மூன்று வாரம் அது அங்கேயே தொங்கியது, பயத்தில் ஒருத்தரும் தொடவில்லை, நானும்தான். திரும்பி வந்தவன் ஒன்றும் பேசாமல் முதலில் அதை எடுத்து மடித்து வைத்தான்.

எனக்கும் வந்து போயிருக்கிறது என்பது பின்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காய்ச்சல்கூட அடிக்கவில்லை. டிசம்பரில் அரசாங்கம் சொன்ன கணக்குப்படி விடுதிகளில் இருந்த 323,000 பேரில் சுமார் 152,000 பேருக்குத் தொற்று, அதில் மூன்றில் ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் என்னைப் போல ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்கள். அந்த வருஷம் நாடு முழுக்கக் கொரோனாவில் இறந்தது 29 பேர். நாங்கள் பெரும்பாலும் இளவட்டம், அதனால் தப்பித்தோம். சோதனைக்கும் வைத்தியத்துக்கும் எங்களிடம் காசு வாங்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. தினமும் தொற்றுக் கணக்கு வரும்போது சமூகத்தில் இத்தனை, விடுதியில் இத்தனை என்று தனித்தனியாகப் போடுவார்கள். சமூகத்தில் குறைந்துவிட்டது என்று ஊர் மூச்சு விடும் நாளில் எங்கள் பக்கம் நூற்றுக்கணக்கில் இருக்கும். இந்த ஊரில் நான் கான்கிரீட் போடாத பேட்டை கிடையாது சேகர், நானும் அந்த சமூகம்தானே? 2020 ஜூன் 2-லிருந்து விடுதிக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். எங்களுக்கு வேலை, அறை, திரும்ப வேலை. 2021 செப்டம்பரில்தான் வாரத்துக்கு 500 பேர் வரை, தடுப்பூசி போட்டவர்கள் லிட்டில் இந்தியா, கெயிலாங் சராய் பக்கம் போய்வரலாம் என்று சோதனையாக ஆரம்பித்தார்கள், என் முறை வரவே இல்லை. விடுதியை விட்டு வெளியே போக பாஸ் வேண்டாம் என்று ஆனது 2022 ஜூனில். அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை தேக்கா, அதான் லிட்டில் இந்தியா, போக ரொம்ப நாள் தனி பாஸ் கேட்டார்கள். அது கிடைத்த முதல் ஞாயிறு வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன், பேச்சு வரவில்லை, போனைக் கோபுரத்தின் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

சரி, சின்னவன் விஷயம். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளத்தைக் கேட்கும்போதே எந்த விடுதி என்றும் கேட்கச் சொல். புதிதாகக் கட்டுகிற விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று 2021-ல் விதி கொண்டுவந்தார்கள், முன்பு 15 பேருக்கு ஒன்று. பழைய விடுதிகளுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஏஜெண்டிடம் முகவரியை எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், அதுவரை பணம் எதுவும் கட்டிவிடாதே.

உன்
முருகேசன்