கொள்ளை என்ற ஒரே சொல் போதாது

ஆசிரியருக்கு,

'பூட்டிய வீட்டில் கொள்ளை: கொள்ளையன் சிக்கினான்' என்ற செய்தியைப் படித்தேன். ஆளில்லாத வீட்டில் புகுந்து திருடுவது வேறு, ஒருவரை அடித்தோ மிரட்டியோ பறிப்பது வேறு. இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம்கூட இவற்றைத் தனித்தனிப் பிரிவுகளில்தான் வைத்திருக்கிறது. முதல் வகையில், திருடும் எண்ணத்தோடு அத்துமீறி நுழைந்தாலே குற்றம். எதையும் எடுத்திருக்க வேண்டியதில்லை. அதனால் எதிர்வாதமும் அந்த எண்ணத்தைச் சுற்றியே வரும்: அனுமதி இருப்பதாக நம்பி நுழைந்தாரா, தன் பொருள் என்று நினைத்து எடுத்தாரா? பறிப்பு வழக்கில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். பறித்தது இவர்தானா?

வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தபோது கத்தியைக் காட்டிப் பறித்த வழக்கு ஒன்றின் விசாரணையைப் பார்த்தேன். கத்திப்பிடியில் சுற்றியிருந்த சிவப்பு நூலைக்கூடச் சரியாகச் சொன்ன சாட்சி, பறித்தவனுக்கு மீசை இருந்ததா என்று கேட்டதும் திணறிப்போனார். பயத்தில் கண் கத்தியில்தானே நிற்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. பறிப்பு நடந்த நேரத்தில், குற்றம் சாட்டப்பட்ட பையன் இரவு ஷிப்டில் இருந்ததை வருகைப் பதிவேடு காட்டியது. விடுதலையானான். ஆனால் எட்டு மாதம் சிறையில் கழிந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் 'கொள்ளையன்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே எழுதுங்கள். எந்தக் குற்றச்சாட்டு என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அப்புறம், கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில் விடுதலைச் செய்தியும் வரட்டும்.

- ஒரு வாசகர்