சீட்டின் பின்பக்கத்துக்கு நன்றி

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியை எடுத்தது உங்களுக்கெல்லாம் தெரியும், விவரத்தைத் திரும்ப எழுதவில்லை. நேற்று வந்த ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. (நோய் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.1க்கும் கீழே. விரல் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், டயப்பரைக் கறுப்புக் கவரில் சுற்றித் தந்த மெடிக்கல் ஷாப்காரர், மூன்று வாரம் ரசம் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா, டாக்டர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. தனியாகச் சொல்ல வேண்டியது யூரின் டியூபை எடுத்த அந்த பிரதருக்கு, ஆண் நர்ஸுக்கு.

எடுத்த கையோடு அவர் அடுத்த பெட்டுக்குப் போயிருக்கலாம். திரையை இழுத்துவிட்டு, வெளியே நின்ற என் மனைவியைக் கூப்பிட்டார். "ஐயா, நீங்களா கேக்க மாட்டீங்க, நானே சொல்லிடுறேன். அம்மாவும் இருக்கட்டும்" என்றபடி ஓ.பி. சீட்டைத் திருப்பி எழுத ஆரம்பித்தார்.

முதலில், புராஸ்டேட்டை ஒட்டி ஓடும் விறைப்புக்கான நரம்பு. அதை வெட்டாமல் காப்பாற்றியிருந்தாலும், இழுபட்டதில் மயங்கிக் கிடக்கும். தெளிய ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை விறைப்பே இல்லாமல் விட்டால் உள்தசைக்கு ஆக்சிஜன் போதாமல் நாராகி, உறுப்பு சுருங்கும். அதற்குத்தான் வேக்குவம் பம்ப்: உறுப்பின் மேல் சிலிண்டரை வைத்துக் காற்றை இழுத்தால் ரத்தம் உள்ளே வரும். டாக்டர் சரி என்ற பிறகு தினமும் 10 நிமிடம், வளையம் போடாமல். காற்று கசிந்தால் பெரும்பாலும் முடிதான் காரணம், அடியில் ஒட்டக் கத்தரிக்க வேண்டும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் தடவணும், தேங்காய் எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். இரண்டு மூன்று தரம் இழுத்து, நிறுத்தி, மறுபடி மெதுவாக. விதைப்பை உள்ளே இழுபட்டால் சிலிண்டரின் வாய் பெரிது, சின்ன வாய் மாட்ட வேண்டும். உறவுக்கென்றால் ரத்தம் திரும்பாமல் பிடிக்க அடியில் வளையம், 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். உறுப்பு கொஞ்சம் சில்லென்று, நீலம் பாரித்து இருக்கும், பயம் வேண்டாம். வளையத்தோடு தூங்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பம்பைத் தொடக் கூடாது.

மாத்திரைக்கு ஒரே வரி எழுதினார்: "பிரியாணிக்கு அப்புறம் போட்டா காசு வேஸ்ட்." விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை வெறும் வயிற்றில், உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால். கொழுப்புச் சாப்பாடு அதைத் தாமதமாக்கும். மாத்திரை மட்டும் போதாது, தொடலும் ஆசையும் வேண்டும். ஒரு தடவை வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடாமல் ஏழெட்டுத் தடவை பார்க்கணும். நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைக்கிற இதய நோயாளிகள் இந்தப் பக்கமே வரக் கூடாது, பிரஷர் படுத்துவிடும். (ராத்திரி டிவியில் விற்கிற லேகியங்கள் சிலவற்றில் இதே மருந்தைச் சொல்லாமல் கலக்கிறார்கள். இது நான் சேர்ப்பது.)

அப்புறம் ஒரு கடிகாரம் வரைந்தார். 12 மேல் ஒரு பெருக்கல் குறி, 6 மேல் ஒன்று, 10க்கும் 2க்கும் வட்டம். விறைப்பு வர உறுப்பிலேயே போடும் ஊசியை எங்கே குத்தலாம் என்று காட்ட அது. மேலே நரம்பும் ரத்தக்குழாயும், கீழே சிறுநீர்ப் பாதை, ஆகவே பக்கவாட்டில்தான், தடவைக்கு ஒரு பக்கமாக மாற்றி மாற்றி. போட்டதும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கணும். நரம்பே போனவர்களுக்கும் இது கேட்கும். முதல் ஊசியும் அளவும் டாக்டர் முன்னால்தான். விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் வெட்கம் பார்க்காமல் கேஷுவாலிட்டிக்கு ஓடணும்.

சீட்டில் இடம் தீர்ந்ததால் மீதியை வாயால் சொன்னார். விந்து இனி வராது, ஆனால் உச்சம் வரும், விறைப்பு இல்லாமல்கூட வரும். அப்போது சிறுநீர் கசியலாம், முன்னாடியே போய்விட்டு வாங்க, பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குக் கதை வேறு: முதலில் நன்றாக இருந்து, இரண்டு மூன்று வருடத்தில் மெல்லக் குறையும். ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டால் ஆசையே அடங்கிவிடும், "அது உங்க மேல வெறுப்பு இல்லம்மா" என்றார். எங்களுக்கு அந்த ஊசி இல்லை. ஆனாலும் இவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்களா தெரியாது. அடுத்த பெட்காரர் உங்களை மூன்று தரம் கூப்பிட்டார், "இதோ வரேன்யா" என்று சொல்லிச் சொல்லி எழுதினீர்கள்.

இதே வழியில் இருப்பவர்கள் தனியாக மெசேஜ் போடுங்கள், கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் வீட்டம்மா என் மனைவியிடம் கேட்கட்டும். சீட்டு அவளிடம்தான் இருக்கிறது, பீரோவில், ரேஷன் கார்டு கவருக்குள்.