பட்டம் படிக்கும் ஆசிரியர் வகுப்பிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பதவி உயர்வுக்காகவே ஆசிரியர்கள் முதுமாணிப் பட்டங்களின் பின்னால் ஓடுகிறார்கள் என்றும், படிக்க ஆசைப்படுவோர் முழுநேர லீவு எடுத்துக்கொண்டு போகட்டும் என்றும் சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முதலாவதை நான் மறுக்கப் போவதில்லை. சம்பள ஏற்றம் யாருக்குத்தான் கசக்கும்? இரண்டாவதுதான் மலையகத்துக்குப் பொருந்தாது.

இங்கே பல தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானத்துக்கு இருப்பவர் ஒரே ஆசிரியர். அவர் லீவில் போனால் பதிலுக்கு யாரும் வரப்போவதில்லை. வேறு பாட ஆசிரியர் யாராவது வந்து சாதாரண தர வகுப்பில் புத்தகத்தை வாசித்துக் காட்டுவார், அவ்வளவுதான்.

நான் தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பித்துக்கொண்டே பேராதனையில் விஞ்ஞானக் கல்வி முதுமாணி படிக்கிறேன். வகுப்புகள் வார இறுதியில். சனிக்கிழமை விடியுமுன் ஹட்டனில் பஸ் ஏறி நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகவேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்காமல் பாடக்குறிப்பு வாசிக்கப் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம். ஆனாலும் சனியன்று கேட்டதைத் திங்களன்றே பிள்ளைகளிடம் பரீட்சித்துப் பார்க்க முடிகிறது. முழுநேரமாகப் படிப்பவருக்கு அந்த வாய்ப்பு ஏது?

ஓர் உதாரணம். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பாடமாக்கிய பிள்ளைகள், கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்தால் அது 96க்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. "மிஸ், இது பழுதாப் போச்சு" என்கிறார்கள். சிலர் வெட்கப்பட்டு அப்பியாசக் கொப்பியில் 100 என்றே எழுதிவிடுகிறார்கள். வெப்பமானியில் ஒரு குறையும் இல்லை. உயரம் கூடக்கூட வளிமண்டல அமுக்கம் குறையும். அதனால் கொதிநிலையும் இறங்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது சுமார் 94 பாகைதான். தான் கண்டதை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்பும் பிள்ளையை என்ன செய்வது? இதை ஆராய்வதற்குத்தான் விஞ்ஞானக் கல்வி என்றொரு துறையே இருக்கிறது. பிள்ளையின் மனதில் ஏற்கனவே இருக்கும் எண்ணக்கருவைத் தெரிந்துகொள்ளாமல் புதியதை ஏற்ற முடியாது என்பது அங்கே படிக்கும் அடிப்படைப் பாடம்.

அரைபட்ட தேயிலைக் கொழுந்து செம்பு நிறமாவதைத் தொழிற்சாலையில் பார்த்த பிள்ளைகள் ஏராளம். நொதியத்தால் நடக்கும் ஒட்சியேற்றம் அது. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் அப்படித்தான். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதையுண்டதை மறக்காத ஊர்கள் இவை. சரிவும் நீர் ஊறிய மண்ணும் இந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வினா மட்டுமல்ல. இவற்றை வைத்து எப்படிக் கற்பிப்பது என்ற ஆய்வை, இதே வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரைவிட வேறு யார் செய்வார்கள்?

2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு, பாடத்தை ஐந்து படிகளில் கொண்டுசெல்லும் 5இ (5E) முறை வந்தது. ஈடுபடுத்து, கண்டறி என்று ஆசிரியர் வழிகாட்டியில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில், பெரிய வகுப்பொன்றில் அதை நடத்துவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

எனவே லீவு தாருங்கள் என்று கேட்கவில்லை. படிக்கும் ஆசிரியருக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை நேரசூசியில் மாற்றிக் கொடுத்தாலே பெரிய உதவி. அதிபர் மனம் வைத்தால் நடக்கும். இன்னொன்று வலயக் கல்விப் பணிமனையின் கையில் இருக்கிறது. நாங்கள் எழுதும் ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் கட்டப்பட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடக்கின்றன. எந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதினோமோ அவர்களின் ஆசிரியர்கள் அதைக் காண்பதில்லை. ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழில் நாலு பக்கச் சுருக்கம் வாங்கி, வலயத்திலுள்ள விஞ்ஞான ஆசிரியர்களுக்கு அனுப்பலாம். எழுதித் தர நான் தயார். பேராதனையில் என்னோடு படிக்கும் மலையக ஆசிரியர்களும் மறுக்க மாட்டார்கள்.

விஞ்ஞான ஆசிரியை,
தலவாக்கலை